நாங்கள் பணம் கொடுத்த இல்லம்: சேவைச் சங்கக்காரர்கள் சொல்லும் அனுபவங்கள்

குழந்தைக் கடத்தலுக்கு எதிராக உங்கள் சங்கம் என்ன செய்தது, எங்கே சறுக்கியது என்று எழுதச் சொன்னது நான்தான். அதனால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

எங்கள் சங்கத்தில் எட்டு வருஷம் பொருளாளராக இருந்தேன். அதில் நான்கு வருஷம் ஒரு ஆதரவற்றோர் இல்லத்துக்குப் பணம் கொடுத்தோம். கட்டில், போர்வை, தண்ணீர்த் தொட்டி, நோட்டுப் புத்தகம் எல்லாம் எங்கள் செலவு. உறுப்பினர் வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் குடும்பத்தோடு அங்கே போய்விடுவோம். பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள், யார் போனாலும் அதே பாட்டு. பாடி முடித்ததும் சின்னதுகள் ஓடி வந்து, அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிற ஆளின் மடியிலும் ஏறிக்கொள்ளும். எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்து போவோம். பிற்பாடு ஒரு குழந்தைநல ஊழியர் சொன்னார்: முன்பின் தெரியாதவர் மடியில் யோசிக்காமல் ஏறுகிற குழந்தைக்கு, ஒட்டிக்கொள்ள நிலையாக ஒரு ஆள் இல்லை என்று அர்த்தம் சார். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

விஷயம் வெளியே வந்தது கணக்கில்தான். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், தொழிலே தணிக்கைதான் அவருக்கு, பிள்ளைகள் பட்டியலைப் பார்த்துவிட்டு இத்தனை பேரும் எப்படி ஒரே பகுதியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். பெற்றோர் இறந்ததற்கான சான்றிதழ்களைக் கேட்டோம். வந்தன, நகல்கள். பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து, இரண்டு மூன்றில் தேதிகூட ஒன்றே. அடுத்த முறை போனபோது ஒரு பையனிடம் நான் பேச்சுவாக்கில் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன் (அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது தெரியும்). "அம்மா இருக்காங்க. அறுப்பு முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-லேயே எழுதியிருக்கிறது. நேபாளத்தின் ஹும்லா மலைக் கிராமங்களிலிருந்து, நல்ல படிப்பு என்று சொல்லி பெற்றோரிடமே காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் காத்மாண்டு இல்லங்களில் கொண்டுவந்து விட்ட தரகர்களைப் பற்றி நிறையப் பதிவாகியிருக்கிறது. வருகிறவர்களின் இரக்கத்தைக் காசாக்கத்தான் பிள்ளைகள். 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே குழந்தை உரிமைத் தீர்மானத்தில், காப்பகங்களில் பிள்ளைகளைக் கடத்திச் சுரண்டுவதைச் சட்டம் போட்டுத் தடுக்கச் சொன்னது. இதெல்லாம் படிக்கக் கிடைக்கும் விஷயங்கள்தான், நாங்கள்தான் படிக்கவில்லை.

தெரிந்ததும் எங்கள் கூட்டத்தில் பெரிய சண்டை. நாளைக்கே பணத்தை நிறுத்து என்றார் ஒருவர், எல்லாரும் போய் நின்று கேட்போம் என்றார் இன்னொருவர். இரண்டுமே செய்யக் கூடாதாம். பணம் திடீரென்று நின்றால், இல்லம் நடத்துகிறவர் உஷாராகிவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளைகளை வேறு எங்காவது மாற்றிவிடுவார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளிடம் காகிதங்களைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தோம். அந்த நாட்களிலும் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்.

*

சார், நீங்கள் இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. நான் ஒரு ஹோட்டலில் முன் மேசைப் பொறுப்பாளர், எங்கள் பெண்கள் சேவைச் சங்கத்திலும் இருக்கிறேன்.

எங்கள் சங்கம்தான் எங்கள் ஹோட்டல்காரர்களுக்குப் பயிற்சி வைத்தது. அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று நாள்கணக்கில் பலகை தொங்குவது, ரொக்கமாக மட்டும் பணம் கொடுப்பது, கூட வந்த பிள்ளைக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாமல் இருப்பது, எதைக் கேட்டாலும் பெரியவரே பதில் சொல்வது, ஒரே அறைக்கு வேறு வேறு ஆண்கள் வந்து போவது, இப்படி ஒரு பட்டியல். பட்டியல் கையில் வந்ததும் எனக்குப் பார்க்கிறவர்கள் எல்லாரும் குற்றவாளியாகத் தெரிந்தார்கள். ஒரு நாள் ஒரு அப்பாவையும் மகளையும் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்துவிட்டேன். நிறம் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் காரணம். அந்த மகளை அவர் தத்தெடுத்திருந்தார். அதிகாரிகள் காகிதத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள், ஆனால் அந்த அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இப்போது நான் பயிற்சி எடுக்கும்போது முதலில் இதைத்தான் சொல்கிறேன்: முகம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள், அந்தப் பிள்ளை வாய் திறக்க விடுகிறார்களா என்று பாருங்கள்.

நிஜமாகவே ஒரு தடவை சரியாகப் பிடித்தது நான் இல்லை, அறை சுத்தம் செய்யும் அக்கா. தினமும் ஒரே அறையிலிருந்து இவ்வளவு துண்டு ஏன் கேட்கிறார்கள் என்று வந்து சொன்னார். அவரைப் பயிற்சிக்கே கூப்பிடவில்லை நாங்கள், மேலாளர்களைத்தான் உட்கார வைத்திருந்தோம்.

பயணம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். டிராஃபிக்கேம் என்று ஒரு செயலி 2016-ல் வந்தது. தங்குகிற ஹோட்டல் அறையைப் படம் எடுத்து அதில் ஏற்றிவிட்டால், கடத்துகிறவர்கள் போடும் விளம்பரங்களில் வரும் குழந்தைகளின் படம் எந்த அறையில் எடுத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க விசாரணை செய்கிறவர்களுக்கு உதவும். திரைச்சீலை, கட்டில் தலைமாடு, தரைவிரிப்பு எல்லாம் தடயம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் 2017-லிருந்து, குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்து எடுத்த படங்களின் பின்னணியில் தெரியும் பை, சட்டை, பாட்டில் போன்றவற்றை மட்டும் வெட்டியெடுத்துப் போட்டு, இது எங்கே விற்கிற பொருள் என்று பொதுமக்களிடம் கேட்கிறது. எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற இரண்டு பேர் அதையே வேலையாகச் செய்கிறார்கள்.

*

நான் பேருந்து ஓட்டுநர், சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊழியர்களுக்கும் ஒரு சங்கத்தார் வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போனார்கள், நான் பாதித் தூக்கத்தில் கேட்டேன். மூன்று மாதம் கழித்து இரவு வண்டி. ஒரு ஆள், மூன்று பையன்கள், மூன்று பேர் காலிலும் புதுச் செருப்பு, ஒரே மாதிரி. சின்னவனிடம் "எங்கப்பா இறங்கணும்?" என்றேன். அவன் எனக்குப் பதில் சொல்லாமல் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தான். சரி, உறவுக்காரராக இருக்கும், நமக்கெதற்கு என்று இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அந்தப் பார்வை போகவே இல்லை. வண்டி நிறுத்தியபோது தள்ளிப் போய் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அடித்துச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வந்து உட்கார்ந்து ஓட்டினேன். அடுத்த நிலையத்தில் ஆட்கள் நின்றார்கள். நான்கு பேரையும் இறக்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், சொல்ல முடியாது என்றார்கள்.

*

ஓட்டுநர் அண்ணே, சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. நான் மீட்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். நீங்கள் அந்த ஆளிடம் சண்டைக்குப் போகாமல் தள்ளிப் போய்ப் பேசினீர்கள் பாருங்கள், பாதிப் பேர் அங்கேதான் கெடுத்துவிடுவார்கள்.

சேவைச் சங்கங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, எழுதிவிடுகிறேன். ஒரு முறை ஒரு சங்கத்தார் உடைகள் கொண்டுவந்தார்கள். நல்ல உடைகள், அளவு கேட்டுத்தான் வாங்கியிருந்தார்கள். ஆனால் கூடவே பேனரும் வந்தது. பிள்ளைகளை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுக்கணுமாம், முகத்தை மறைத்துவிடுகிறோம் மேடம் என்றார்கள். முகத்தை மறைத்து என்ன செய்ய? கையில் இருக்கிற தழும்பு, பின்னால் தெரிகிற கட்டடம், உயரம், இது போதாதா தேடுகிறவனுக்கு? படம் கிடையாது என்றதும் அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை.

இன்னொன்று, வந்தவர்கள் எல்லாம் பிள்ளையைக் கூப்பிட்டு என்னம்மா நடந்தது என்று கேட்பது. அக்கறையில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஐந்து பேரிடம் ஐந்து விதமாக அந்தப் பிள்ளை சொல்லும், பயந்த பிள்ளை அப்படித்தான் சொல்லும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

"அது தானா விரும்பித்தானே போச்சு" என்கிற பேச்சைச் சங்கக் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் வாயிலிருந்து. பாலெர்மோ நெறிமுறை என்று 2000-ல் ஐ.நா. கொண்டுவந்தது, ஆள்கடத்தல் என்றால் என்ன என்று உலகம் ஒத்துக்கொண்ட விளக்கம் அதில்தான் இருக்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்று பார்ப்பார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் அந்தக் கேள்வியே கிடையாது. சுரண்டுவதற்காகக் கூட்டிப்போனாலோ தங்கவைத்தாலோ அது கடத்தல்தான், பிள்ளை சிரித்துக்கொண்டே வண்டி ஏறியிருந்தாலும்.

*

மேலே அக்கா சொன்னதோடு எங்கள் சுவரொட்டிக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 30 ஆள்கடத்தலுக்கு எதிரான உலக நாள், 2013-ல் ஐ.நா. அறிவித்தது. அன்றைக்குப் பள்ளிகளில் ஒட்டுவதற்கு ஒரு சுவரொட்டி அடித்தோம். சங்கிலி, இருட்டு, ஒரு பிள்ளையின் வாயைப் பொத்துகிற கை. வடிவமைத்தவன் நான்தான், கைதட்டு கிடைத்தது. பேசி முடித்துவிட்டு இறங்கும்போது ஒரு மாணவி வந்து மெதுவாக, "தெரிஞ்சவங்களே கூட்டிட்டுப் போனா அது கடத்தல் இல்லைதானே?" என்றாள். நல்லவேளை பக்கத்தில் அந்தப் பள்ளி ஆலோசகர் இருந்தார், அவரிடம் அழைத்துப் போனேன். மேற்கொண்டு எழுதப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். குழந்தைக் கடத்தலில் கிட்டத்தட்டப் பாதி, குடும்பத்தில் ஒருவர் சம்பந்தப்பட்டே ஆரம்பிக்கிறது என்று சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு 2017-ல் சொல்லியிருக்கிறது. நான் வரைந்த கருப்பு உருவம் அந்த மாணவிக்கு என்ன சொல்லியிருக்கும்? உன் வீட்டுக்கு வந்து போகிறவர் பரவாயில்லை என்றுதானே? மீதமிருந்த சுவரொட்டிகளை எரித்தேன். புதியதில் படமே இல்லை, நான்கு கேள்வியும் உதவி எண்ணும் மட்டும். அசிங்கமாக இருக்கிறது என்று தலைவர் இன்னும் திட்டுகிறார்.

*

பையன்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே (ஓட்டுநர் அண்ணன் தவிர). நான் கால்பந்துப் பயிற்சியாளர். எங்கள் சங்கம் வருஷா வருஷம் பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டி நடத்தும். ஒரு வருஷம் நல்ல கோட்டு போட்ட ஒருவர் வந்து, வெளிநாட்டு அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறேன் என்றார். மூன்று பையன்களைத் தேர்ந்தெடுத்தார். டிரையலுக்கு விசா, டிக்கெட் செலவை மட்டும் குடும்பம் கட்டினால் போதும், சங்கம் பாதி கொடுத்தால் நல்லது என்றார். எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை, நம் மைதானத்துப் பையன் வெளிநாட்டில் ஆடப் போகிறான்!

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. 18 வயதுக்குக் கீழே இருக்கும் வீரரை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா 2001-லிருந்தே தடுக்கிறது, சில விதிவிலக்குகள்தான் உண்டு. நிஜமாக ஒரு அணிக்கு ஆள் வேண்டும் என்றால் பையன் வீட்டில் காசு கேட்காது. அந்த அணியின் பெயரைக் கேட்டேன், சொன்னார். அந்த அணிக்கே மின்னஞ்சல் போட்டேன். அப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஆளைக் காணோம் அதற்குப் பிறகு. காவல் துறையில் கொடுத்திருக்கிறோம்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மூன்று பையன்களில் ஒருவன் என்னோடு இன்னும் பேசுவதில்லை. அவன் கனவை நான் கெடுத்துவிட்டேனாம். அவன் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், நிலத்தை அடகு வைக்கத் தயாராக இருந்தவர். போகட்டும்.

*

மறுபடியும் நான், பொருளாளர். அந்த இல்லத்துப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலானவர்களின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததும் கொண்டுபோய் விட்டுவிடவில்லை. வீட்டில் நிலைமை என்ன, பிள்ளையை அனுப்பியவரே அங்கே இருக்கிறாரா, மறுபடி அனுப்பிவிடுவார்களா என்று பார்த்துத்தான் விட்டார்கள். சிலர் போகவே இல்லை, வேறு ஏற்பாட்டில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு வீட்டுப் பேச்சே மறந்துபோயிருந்தது. அம்மா பேசுவது பிள்ளைக்குப் புரியவில்லை, நடுவில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

எங்கள் பணம் இப்போது எங்கே போகிறது என்றால், படம் எடுத்துப் போட முடியாத செலவுகளுக்கு. வழக்கு நடக்கும் நாட்களில் பெற்றோர் வந்து போகும் பேருந்துக் கட்டணம், அன்றைக்கு அவர்கள் இழக்கும் கூலி, ஒரு ஆலோசகரின் சம்பளம், பள்ளியில் இரண்டு வகுப்பு பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. இதற்கெல்லாம் திறப்பு விழா வைக்க முடியாது, அதனால் உறுப்பினர்கள் கொஞ்சம் குறைந்துவிட்டார்கள். போன ஆண்டறிக்கையில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய பக்கத்தில் வெறும் கணக்குதான் இருந்தது. பக்கம் காலியாக இருக்கிறதே, ஒரு படமாவது போடக் கூடாதா என்று அச்சகத்திலிருந்து போன் செய்து கேட்டார்கள்.