மறு: ஆய்வக விலங்குப் பயிற்சியில் 'காம்பிடென்ஸ்': 'கைத்தேர்ச்சி' சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

ஆய்வக விலங்குகளோடு வேலை செய்பவருக்கு ஒரு கைவேலை சரியாக வந்துவிட்டது என்பதைக் குறிக்கும் 'காம்பிடென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 'தகுதி' போதும் என்கிறார் ஒருவர், 'செயல்திறன்' என்கிறார் இன்னொருவர், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஐயா 'திறம்' என்று சுருக்கிவிடலாம் என்கிறார். மூன்றும் நல்ல சொற்கள்தான், ஆனால் மூன்றும் வேறு வேலைக்குப் போய்விட்டவை. வேலூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் விலங்கு இல்லத்தில், நாங்கள் பேச்சில் அனிமல் ஹவுஸ் என்றுதான் சொல்வோம், புதிதாக வருகிறவர்களுக்குக் கைவேலை கற்றுத் தருகிறேன். அதனால் இந்தச் சொல் எந்தத் தாளில் எந்த இடத்தில் வரப்போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லுக்கு வரலாம்.

ஆய்வு விலங்குகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010/63 ஆணை, 23ஆம் பிரிவில், விலங்குகளோடு வேலை செய்பவர் தமக்கு வேண்டிய காம்பிடென்ஸ் இருக்கிறது என்று செய்து காட்டும் வரை ஒருவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்கிறது. 'காட்டும் வரை' என்பதைக் கவனியுங்கள். படித்து முடிக்கும் வரை என்றோ இத்தனை மாதம் ஆகும் வரை என்றோ அதில் இல்லை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 1998ஆம் ஆண்டு அதன் கீழ் வந்த விதிகளும் சோதனையைத் தகுதி உள்ளவர், அல்லது அவர் மேற்பார்வையில் இன்னொருவர், செய்ய வேண்டும் என்கின்றன, இங்கே தகுதி என்றதும் எல்லாரும் பட்டத்தையும் சான்றிதழையும்தான் நினைக்கிறார்கள். முதுநிலைப் பட்டம் வாங்கி வந்தவருக்குச் சுண்டெலியின் வாலில் ஊசி போடத் தெரியாமல் இருக்கலாம், பத்தாவதோடு நின்றுவிட்டுக் காட்பாடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் பராமரிப்பாளர் அதைச் சுத்தமாகச் செய்வார். முதலாமவரிடம் இருப்பது தகுதி. இரண்டாமவரிடம் இருப்பதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

செயல்திறன் பம்புசெட்டுக்கும் இருக்கிறது, அதை விட்டுவிடுவோம். திறம் அழகான சொல், ஆனால் அது ஆளின் பொதுவான குணத்தைச் சொல்கிறது. எங்கள் பதிவேட்டில் எழுத வேண்டியது பொதுவானது அல்ல, ஒரு விலங்கு, ஒரு செய்முறை, ஒரு நிலை என்று குறுகலானது. எலிக்கு வாய்வழி மருந்து கொடுக்கத் தெரிந்தவருக்கு முயலின் காதுச் சிரையிலிருந்து இரத்தம் எடுக்கவும் வரும் என்று பொருள் இல்லை.

வால் சிரையையே எடுத்துக்கொள்வோம். சுண்டெலியின் வாலில் பக்கத்துக்கு ஒரு சிரை ஓடுகிறது, வாலை இதமாகச் சூடுபடுத்தினால் விரிந்து கண்ணுக்குத் தெரியும். நுனிப் பக்கமாகத் தொடங்க வேண்டும், தவறினால் உடல் பக்கம் கொஞ்சம் நகர இடம் இருக்கும். மருந்து தடையில்லாமல் போக வேண்டும், அழுத்த வேண்டி வந்தாலோ ஊசி முனையைச் சுற்றித் தோல் வெளுத்து உப்பினாலோ ஊசி சிரைக்குள் இல்லை, நிறுத்திவிட வேண்டும். 25 கிராம் சுண்டெலிக்கு உடம்பில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 2 மில்லிலிட்டர். இவ்வளவு சின்ன உயிரிடம் கை பழகக் கூடாது, பழகிய கைதான் அதனிடம் போக வேண்டும். அதனால்தான் முதலில் சிலிக்கோன் பொம்மை, அப்புறம் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே இறந்த விலங்கு, அப்புறம் மயக்கத்தில் இருக்கும், திரும்ப எழுப்பப் போகாத விலங்கு, கடைசியாகத்தான் விழித்திருக்கும் விலங்கு என்று படிப்படியாகப் போகிறோம்.

இதை மதிப்பிடும்போது மருந்து உள்ளே போனதா என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். முன்னேற்பாடு எப்படி, விலங்கைக் கூண்டிலிருந்து எப்படி எடுத்தார், முடிந்த பிறகு இரத்தம் நின்றதா என்று பார்த்துவிட்டுத் திருப்பி விட்டாரா, கூண்டுக்குள் போன விலங்கு எப்படி நடமாடுகிறது என்று நின்று கவனித்தாரா. எல்லாவற்றுக்கும் மேலே, எப்போது நிறுத்தினார். இரண்டு தடவை கிடைக்கவில்லை என்றதும் 'சார், எனக்கு வரல, நீங்க பாருங்க' என்று கையை எடுப்பவருக்கு நான் அந்த இடத்தில் முழு மதிப்பெண் போடுவேன். விடாமல் குத்திக் கடைசியில் சிரையைப் பிடித்தவருக்கு இன்னும் வரவில்லை என்றுதான் எழுதுவேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, விலங்கின் வலி ஒரு பக்கம், தப்பாகப் போன மருந்தால் முடிவுகள் சிதறி அதை ஈடுகட்ட இன்னும் பல விலங்குகளைப் பயன்படுத்த வேண்டி வருவது இன்னொரு பக்கம்.

இங்கே கைராசி பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளில் 'அந்த சிஸ்டருக்குக் கைராசி, ஊசி போட்டதே தெரியாது' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அனிமல் ஹவுஸிலும் அதே பேச்சுதான், 'அந்தப் பையனுக்குக் கைராசி, எலி கடிக்கவே கடிக்காது.' பாராட்டாகச் சொல்கிறார்கள், சரி. ஆனால் ராசி என்று நம்பிவிட்டால் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டாம், சோதித்துப் பார்க்கவும் ஆள் வேண்டாம், கடினமான வேலை எல்லாம் அந்த ஒருவர் தலையில் விழும், அவர் லீவு போட்டால் சோதனை நிற்கும். அந்தப் பையன் விலங்கை எடுக்கும் வேகம், விரல் படும் இடம், அது அடங்கும் வரை காத்திருக்கும் பொறுமை எல்லாமே பார்க்கக் கூடியவை, சொல்லிக்கொடுக்கக் கூடியவை.

ஆகவே என் பரிந்துரை 'கைத்தேர்ச்சி'. இரண்டு மறுப்புகள் வந்திருக்கின்றன. கைதேர்ந்தவர் என்றால் பெரிய வல்லுநர் ஆயிற்றே, நாம் சொல்வது தனியாக விட்டால் பிழையில்லாமல் செய்வார் என்ற அளவுதானே என்பது ஒன்று. தேர்ச்சி என்றால் பள்ளிக்கூடத்துப் பாஸ் மாதிரி ஒலிக்கிறதே என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் முதலாவதுக்குப் பதில் என்று எனக்குப் படுகிறது. ஒரு வரம்பைத் தாண்டியிருக்கிறார் என்ற பொருள் தேர்ச்சியில் இருக்கிறது, அந்த அளவுதான் நமக்கு வேண்டும், எதில் தாண்டினார் என்பதைக் கை சொல்லிவிடுகிறது. ஒற்று மிகுமா என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். 'கைதேர்' என்ற வினையிலிருந்து வந்ததாகக் கொண்டால் மிகாது, கைத்தொழில், கைத்திறன் போலக் கொண்டால் மிகும். நான் ஒற்றோடுதான் எழுதுகிறேன், சொல்லும்போதும் அப்படித்தான் வருகிறது.

அடுத்தது டி.ஓ.பி.எஸ்., அதாவது 'டைரக்ட் அப்சர்வேஷன் ஆஃப் புரொசீஜரல் ஸ்கில்ஸ்'. பிரிட்டனில் மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும் முறையிலிருந்து விலங்கு ஆய்வுக்கு வந்தது, பயிலுநர் உண்மையான வேலையைச் செய்யும்போது மதிப்பிடுபவர் பக்கத்தில் நின்று, முன்பே எழுதிவைத்த அளவுகோலோடு ஒப்பிட்டு, முடிந்த கையோடு குறை நிறையைச் சொல்லிவிடுவது. 'நேரடிக் கண்காணிப்பு மதிப்பீடு' என்று கால்நடை மருத்துவர் ஐயா அதற்கு எழுதியிருந்தார். கண்காணிப்பு என்றால் கேமராவும் போலீசும் நினைவுக்கு வருகின்றன, பயிலுகிறவர் கை நடுங்க அது ஒன்றே போதும். நேர்காண் மதிப்பீடு என்றால் இன்டர்வியூ ஆகிவிடும். 'கண்முன் மதிப்பீடு' என்று வைக்கலாம். மேற்பார்வை வேறு, மதிப்பீடு வேறு என்பதும் சொல்லில் பிரிய வேண்டும், மேற்பார்வையில் தவறு நடக்கும் முன் கை நீட்டித் தடுக்கிறோம், அதற்கு 'உடனிருப்பு' பொருந்தும். பதிவேட்டில் உடனிருப்பில் செய்வார், தனித்துச் செய்வார், பிறருக்குப் பயிற்றுவார் என்று மூன்று நிலைகள் போதும்.

ஹேண்ட்லிங் (விலங்கை எடுத்துப் புழங்குவது), ரெஸ்ட்ரெயின்ட் (அசையாமல் பிடித்து வைப்பது) இரண்டையும் 'கையாளல், கட்டுப்படுத்தல்' என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். கட்டுப்படுத்தல் அரசாணை மாதிரி இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம் இருக்கிற பழைய வட ஆற்காடு இது, ஆடு மாட்டுக்கு ஊசி போடுவது இங்கே யாருக்கும் புதிதில்லை. 'அணைச்சுப் புடி' என்று சொன்னால் வலிக்காமல், திமிறாமல் பிடிக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஹேண்ட்லிங்குக்குப் 'பிடிமுறை', ரெஸ்ட்ரெயின்டுக்கு 'அணைபிடி' என்று போட்டுப் பாருங்கள். பிடிமுறை சின்ன விஷயமும் இல்லை. வாலைப் பிடித்துத் தூக்கப்படும் சுண்டெலிகளைவிடக் குழாய்க்குள் விட்டோ உள்ளங்கைகளில் ஏந்தியோ எடுக்கப்படும் சுண்டெலிகளுக்குப் பதற்றம் குறைவு என்று ஹர்ஸ்ட், வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் காட்டினார்கள். ஆனாலும் வாலைப் பிடிக்கும் பழக்கம் போக மாட்டேன் என்கிறது.

இன்னொன்று, பல மாதம் ஒரு வேலையைச் செய்யாமல் இருந்துவிட்டால் கைத்தேர்ச்சியை மறுபடி காட்ட வேண்டும். அதற்குக் 'கைத்தேர்ச்சிப் புதுப்பிப்பு' என்று எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கிறது, சுருக்கமாக ஒன்று தோன்றினால் சொல்லுங்கள். இந்தச் சொற்களை வைத்து எங்கள் பராமரிப்பாளர்களுக்கு ஒரு பக்க மதிப்பீட்டுப் படிவம் தமிழில் தயாரிக்கிறேன், இப்போது அவர்கள் கையெழுத்துப் போடும் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. வரைவு முடிந்ததும் இங்கே போடுகிறேன். 'ஹ்யூமேன் எண்ட்பாயின்ட்', அதாவது விலங்கின் வேதனை மிகாமல் சோதனையை நிறுத்த வேண்டிய கட்டம், பற்றி யாராவது தனி இழை தொடங்குங்கள், அதை இதோடு சேர்த்துப் பேச முடியாது.

அன்புடன்,
வேலூரிலிருந்து