செல்லுக்குள் இருப்பது கூடா, சட்டகமா, சாரமா?

மஞ்சக்குப்பம், விலங்கியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் தமிழ்வழி மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு. புற்றுநோய்ச் செல்லின் வளர்சிதை மாற்றத்தில் சைட்டோஸ்கெலிட்டனுக்கு, அதாவது செல்லுக்குள் அதைத் தாங்கி நிற்கும் இழை வலைக்கு, என்ன வேலை என்பது பொருள். கையேடு நாளை மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதற்குத் தமிழில் 'செல் எலும்புக்கூடு' என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். "மேடம், இது எலும்புப் புற்றுநோய் பாடமா?" என்று முன்வரிசைப் பெண் கேட்டுவிட்டாள். அங்கே எலும்பு ஏது? புரத இழைகள்தான், மூன்று வகை: ஆக்டின் இழை சுமார் 7 நானோமீட்டர் தடிமன், இடைநிலை இழை 10, நுண்குழல் 25. நல்ல சொல் ஒன்று கொடுங்கள்.

முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
"என்பி லதனை வெயில்போலக் காயுமே" என்று படித்த நாம், என்பே இல்லாததற்கு எலும்புக்கூடு என்று பெயர் வைக்கலாமா அம்மா? வேருக்குப் போவோம். 'சைட்டோ'வுக்கு மூலம் கிரேக்கத்தின் 'கைட்டோஸ்'; அப்படியென்றால் உள்ளே வெற்றிடமான பாத்திரம். நம்முடைய 'கலம்' அப்படியே பொருந்துகிறது. ஈழத்துப் பாடநூல்களில் செல்லுக்குக் கலம் என்றுதான் பெயர். ஆகவே கலச்சட்டகம். செல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கல்லும் சிலையும் கற்சிலை ஆவதுபோல் செற்சட்டகம்.

மஞ்சக்குப்பம்:
ஐயா, செற்சட்டகம் என்று எழுதினால் பிள்ளைகள் எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்கள்.

கடலூர் முதுநகர், கட்டடப் பொறியாளர்:
துறைமுகத்துப் பக்கம் வந்து கலச்சட்டகம் என்று சொல்லிப் பாருங்கள், மரக்கலத்துக்குச் சட்டம் போடுகிற ஆளைக் காட்டுவார்கள்.

லாஸ்பேட்டை, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்:
இடையில் ஒன்று. 'சைட்டோஸ்கெலிட்டன்' என்ற சொல்லே பிரெஞ்சுக்காரர் கொடுத்தது. கருவியல் அறிஞர் போல் வெந்த்ரெபேர் 1931இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். புற்றுநோய்ச் செல்லின் சர்க்கரைப் பசியைப் பற்றிப் பேசிய ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் வார்பர்க் நோபல் வாங்கியதும் அதே ஆண்டு. 'ஸ்கெலிட்டன்' என்பதன் கிரேக்க மூலத்துக்கு 'உலர்ந்தது' என்று பொருள்.

கடலூர் முதுநகர்:
அப்படியானால் கருவாடும் ஸ்கெலிட்டன்தானே சார்!

மஞ்சக்குப்பம்:
சிரித்தது போதும், வகுப்பில் சொல்லப்போவதைக் கேளுங்கள். பிறகு பெயர் வையுங்கள். இந்த இழைகள் செல்லைத் தாங்கி நிற்பவை மட்டுமல்ல. சர்க்கரையை உடைக்கும் நொதிகளில் ஒன்றான ஆல்டோலேஸ் ஆக்டினில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்சுலின் சமிக்ஞை வந்து ஆக்டின் வலை குலைந்தால் அது விடுபட்டு வேலையில் இறங்கும். இன்னொரு நொதி பாஸ்போஃபுரக்டோகைனேஸ். அதை அழிக்கும் ட்ரிம்21 என்ற புரதத்தை ஆக்டின் கற்றைகள் பிடித்து வைத்திருக்கின்றன. நுரையீரல் செல்லை விறைப்பான பரப்பிலிருந்து மெத்தென்ற பரப்புக்கு மாற்றினால் கற்றைகள் கலைகின்றன, ட்ரிம்21 அவிழ்கிறது, நொதி அழிகிறது, சர்க்கரை உடைப்பு குறைகிறது. புற்றுநோய்ச் செல்லோ மெத்தென்ற பரப்பிலும் தடித்த கற்றைகளை விடுவதில்லை. அதனால் எந்த இடத்தில் விட்டாலும் சர்க்கரையை அதே வேகத்தில் உடைத்துக்கொண்டிருக்கிறது. 2020இல் வெளியான ஆய்வு இது. இத்தனை வேலை பார்ப்பதைக் 'கூடு' என்றால் மாணவர்கள் அசையாத பொருள் என்று நினைத்துவிடுவார்கள். அதுதான் என் கவலை.

கடலூர் முதுநகர்:
அப்படியென்றால் விடை எங்கள் தொழிலிலேயே இருக்கிறது: சாரம். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, வேலை முடிந்த பக்கம் பிரித்து, அதே கம்பை அடுத்த பக்கத்தில் கட்டுவோம். உங்கள் நுண்குழலும் ஒரு முனையில் வளர்ந்துகொண்டே இருக்கும், சட்டென்று பிரிந்தும் போகும் என்று போன மாதம் நீங்களே எழுதினீர்கள். தேவனாம்பட்டினம் மணலில் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்பிளாஸ்டின் அந்தக் குழலைக் கட்டவிடாது. யூ மரப்பட்டையில் கண்டெடுத்த டாக்சால் பிரிக்கவிடாது. இரண்டுமே புற்றுநோய் மருந்து. கட்டுவதும் பிரிப்பதும் 'சாரம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

முத்தியால்பேட்டை:
தம்பி, கருத்து அருமை, சொல் ஆபத்து. 'உயிரணுச் சாரம்' என்று எழுதினால் பிழிந்தெடுத்த சாறு என்றுதான் எவரும் படிப்பர்.

லாஸ்பேட்டை:
'உயிரணு'வும் வேண்டாம் ஐயா. குழந்தையின்மை மருத்துவமனைப் பலகைகளில் அது வேறு பொருளில் தொங்குகிறது.

முத்தியால்பேட்டை:
அதற்குப் பயந்து நல்ல சொல்லைக் கைவிடுவதா? பலகையை மாற்றச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை:
அச்சகம் நாளைக்கு ஐயா.

மஞ்சக்குப்பம்:
இரவு பதினொன்று ஆகிவிட்டது. 'செல் சட்டகம்' என்று அனுப்பிவிடுகிறேன், பிரித்தே எழுதி, புணர்ச்சி இல்லாமல். முதல் பக்கத்தில் 'கட்டிப் பிரித்துக் கட்டப்படும் இழைச் சட்டகம்' என்று ஒரு வரி விளக்கம். வகுப்பில் முதுநகர் சாரின் சாரத்தைப் படம் போட்டுக் காட்டுவேன்.

லாஸ்பேட்டை:
சரி. சட்டகத்துக்கு அகராதியில் 'உடல்' என்றும் பொருள் இருக்கிறது, பழுதில்லை.

கடலூர் முதுநகர்:
எனக்கு உடன்பாடில்லை. சட்டகம் என்றால் சன்னலுக்கு அடித்த சட்டம்போல அப்படியே நிற்கும். ஆனாலும் உங்கள் கையேடு, உங்கள் விருப்பம்.

முத்தியால்பேட்டை:
என் வாக்கு கலச்சட்டகத்துக்கே. பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பு வராமலா போய்விடும்? அதுசரி, அந்த இடைநிலை இழையில் ஒன்று, விமென்டின், அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? லத்தீனில் வளையும் சிறுகிளை என்று ஒரு சொல் உண்டு. 'விளார்' பொருந்துமா என்று பார்க்கிறேன்.

மஞ்சக்குப்பம்:
ஐயா, விமென்டின் விமென்டினாகவே இருக்கட்டும்.