ரெய்டு 5-இல் ஒரு வட்டு போய்விட்டது: உடனே மாற்றலாமா?

புதுப்பொறுப்பு:
எனக்கு முன் இருந்தவர் விட்டுச்சென்ற சர்வர் இது. 8 டெராபைட் வட்டுகள் நான்கு, லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 5 (வட்டுகளை ஒரே வரிசையாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைக்கும் முறை). அதன்மேல் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், பயனர்கள் ஏற்றிய சுமார் 15 டெராபைட் படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன. இன்று காலை மூன்றாவது வட்டு வரிசையிலிருந்து கழன்றுவிட்டது. சேவை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புது வட்டும் தயார். தினமும் இரவு 2 மணிக்கு முழு அடைவையும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி, டிலீட் ஆப்ஷனோடு (மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கும்) இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கிறது. அதனால் பேக்கப் பற்றிக் கவலை இல்லை. இப்போதே வட்டைச் செருகலாமா, கூட்டம் குறையும் இரவுவரை பொறுக்கலாமா?

செருகுபலகை:
பொறுக்காதீர்கள். இன்னொரு வட்டு போனால் மீள வழியே இல்லை. கழற்றும்முன் வட்டின் வரிசை எண்ணை (சீரியல் நம்பரை) ஒட்டுச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் வட்டுக்கு வைக்கும் பெயரை நம்பவேண்டாம், மறுதொடக்கத்தில் எஸ்டிபி எஸ்டிசி ஆகிவிடலாம். நல்ல வட்டை உருவிவிட்டு அழுதவர்கள் உண்டு.

இரவுக்காவல்:
வரிசை எண் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் வட்டைத் தொடும்முன் இரவு 2 மணி வேலையை நிறுத்துங்கள். உங்கள் தரவுக்கு இன்று பெரிய ஆபத்து அந்த "பேக்கப்"தான்.

ஏன் என்று கேட்பீர்கள். மூலத்தில் படிப்புப் பிழை வந்தால் ஆர்சிங்க் எதையும் நீக்காமல் விட்டுவிடும். அந்த அளவுக்கு அதற்கு அறிவு உண்டு. ஆனால் வரிசை விழுந்து, சர்வர் மறுதொடக்கமாகி, வரிசை அந்த அடைவில் மவுன்ட் ஆகாமல் (இணைக்கப்படாமல்) இருந்தால்? அங்கே வெறும் அடைவு நிற்கும். பிழை ஏதும் இல்லை, கோப்புகளும் இல்லை. டிலீட் ஆப்ஷன் தன் கடமையைச் செய்து மறுமுனையையும் வெறுமையாக்கிவிடும். ஒரே இரவில் இரண்டு பிரதியும் காலி.

அடுத்து, புது வட்டில் தரவை மீண்டும் எழுதும் மறுகட்டமைப்பு, மிச்சமிருக்கும் மூன்று வட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். மொத்தம் 24 டெராபைட். பல சாதாரண வட்டுகளின் விவரக்குறிப்பில், படிக்கமுடியாத பிழையின் அளவு 10¹⁴ பிட்டுக்கு ஒன்றுக்கு மிகாது என்று போட்டிருக்கும். அதாவது 12.5 டெராபைட். நடைமுறையில் அவை அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. அந்தக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவோரை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த மூன்றும் கழன்ற வட்டோடு ஒரே நாளில் வேலைக்கு வந்தவையாக இருக்கலாம். வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கையில் நிலுவைச் செக்டர்கள் (படிக்கமுடியாமல் நிற்கும் பகுதிகள்) எத்தனை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் அடைவை ஆர்சிங்க் அள்ளிப்போனால் அது பேக்கப் ஆகாது. தரவுத்தளம் 8 கிலோபைட் பக்கங்களாக எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு கோப்பு 2.05-இல் இருந்த நிலையிலும், அதன் இன்டெக்ஸ் (தேடலுக்கான சுட்டி) 2.20-இல் இருந்த நிலையிலும், மாற்றங்களைக் குறிக்கும் பதிவேடு இன்னொரு நேரத்திலும் போய்ச் சேரும். திறக்க மறுத்தாலாவது தெரிந்துவிடும். சில சமயம் சமர்த்தாகத் திறந்துகொள்ளும், பல நாள் கழித்து இன்டெக்ஸ் ஒன்று சொல்லும், அட்டவணை வேறு சொல்லும். எனவே இப்போதே போஸ்ட்கிரெஸின் சொந்த நகல் கருவியான பிஜி-டம்பால் டம்ப் எடுங்கள். குற்றுயிராக இருக்கும் வரிசையில் எழுதாமல், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியே நேராக மறு சர்வருக்கு அனுப்புங்கள்.

நிலைத்தகவல்:
டம்ப் முடிந்தது என்ற செய்தியை மட்டும் நம்பாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புச் சேவையான கிட்லேப் தன் முதன்மைத் தரவுத்தள அடைவைத் தவறுதலாக அழித்தபோது இதுதான் நடந்தது. தரவுத்தளம் 9.6, பிஜி-டம்ப் 9.2. தன்னைவிடப் புதிய பதிப்பை அது தொடாது. ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. அதைச் சொல்லவேண்டிய மின்னஞ்சல்களும் வழியில் நிராகரிக்கப்பட்டன. யாரோ வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கண நிலையின் பிரதி) கைகொடுத்தது. அவர்களே இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். நீங்கள் பேசாமல் எல்லாவற்றையும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்கு மாற்றிவிடுங்கள்.

இரவுக்காவல்:
கூரை எரியும்போது வீட்டுக்கு வரைபடம் போடவேண்டாம். இசட்எஃப்எஸ் நல்லதுதான், அடுத்த மாதம் பேசலாம்.

புதுப்பொறுப்பு:
இரவு வேலையை நிறுத்திவிட்டேன். டம்ப் 38 ஜிகாபைட் வந்தது. சும்மா கிடந்த கணினியில் மீட்டுப் பார்த்தேன்: ரோல் இல்லை, ரோல் இல்லை என்று திரை நிறையப் பிழைகள். இரண்டாவது வட்டில் நிலுவைச் செக்டர்கள் 16 காட்டுகிறது. மற்ற இரண்டும் பூஜ்யம்.

இரவுக்காவல்:
பிஜி-டம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டும் எடுக்கும். பயனர்களும் கடவுச்சொற்களும் அதில் வராது. பிஜி-டம்ப்-ஆல் (pg_dumpall) கட்டளையை குளோபல்ஸ்-ஒன்லி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். முதலில் அதை ஏற்றிவிட்டுப் பிறகு டம்பை ஏற்றுங்கள். பிறகு அதிகம் மாறும் அட்டவணையில் கடைசிப் பதிவின் நேரத்தைப் பாருங்கள். மீட்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துவையுங்கள்; மேலாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

இனி படங்கள். நேற்றிரவுவரையிலானவை மறுமுனையில் இருக்கின்றன. இன்று வந்தவற்றை மட்டும் டிலீட் இல்லாமல், தேதியிட்ட புது அடைவுக்கு, பழைய நகலைச் சுட்டும் லிங்க்-டெஸ்ட் (link-dest) ஆப்ஷனோடு எடுங்கள். மாறாத கோப்புகளுக்கு ஹார்டு லிங்க் (அதே தரவுக்கு இன்னொரு பெயர்) விழும், இடம் தின்னாது. செக்சம் ஆப்ஷன் வேண்டாம். அது 15 டெராபைட்டையும் படிக்கவைக்கும், நலிந்த வட்டுக்கு இரட்டைச் சுமை. இது முடிந்தபின் புது வட்டைச் செருகுங்கள்.

புதுப்பொறுப்பு:
மறுகட்டமைப்புக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. இரண்டு படங்களைத் திறக்கும்போது மட்டும் படிப்புப் பிழை வந்தது. இரண்டையும் நகலிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். இரவு வேலையை மீண்டும் ஓடவிடலாமா?

இரவுக்காவல்:
பழையபடி வேண்டாம். தொடங்கும்முன் மவுன்ட்பாயின்ட் கட்டளையால் மூலம் உண்மையிலேயே மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் வெளியேறும்படி எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் அடைவை விலக்கிவிட்டு, டம்பைத் தனி வேலையாக வையுங்கள். மறு சர்வர் இங்கே வந்து இழுத்துக்கொள்ளட்டும். இங்கிருந்து அங்கே எழுத எந்தச் சாவியும் இருக்கக்கூடாது, ஊடுருவுபவன் கைக்கும் அதே சாவிதான் போகும். இரண்டாவது வட்டுக்கு மாற்று வட்டை இன்றே வரவழையுங்கள்.