முள் சண்டை: ஒரு நாளைக்கு 22-ஆ, 24-ஆ?

கோத்தகிரியான்:
நேற்று ஒரு புதிர் சுற்றியது. மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒரு நாளில் எத்தனை முறை ஒன்றின் மேல் ஒன்று வரும்? நம்ம மலைரயில் அண்ணன் "24, மணிக்கு ஒருமுறை, இதெல்லாம் ஒரு புதிரா" என்று போட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. வயிறு எரிகிறது. விடை 22. நிமிட முள் நிமிடத்துக்கு 6 டிகிரி நகரும், மணி முள் அரை டிகிரி. வித்தியாசம் 5.5. 360-ஐ அதால் வகுத்தால் 65 நிமிடம் 27 விநாடி சொச்சம். 12 மணி நேரத்துக்கு 11 தடவைதான் வரும்.

மலைரயில்:
தம்பி, வகுத்தல் எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் சாவி கொடுக்கும் சுவர்க்கடிகாரம் இருக்கிறது, டீ ஃபேக்டரியில் அப்பா ஓய்வு பெற்றபோது கொடுத்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து, பெரிய முள்ளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினேன். 12-இல் ஆரம்பித்து 12-இல் முடித்தேன். பன்னிரண்டு. இரண்டால் பெருக்கினால் 24. நீ பேப்பரில் பார்த்தாய், நான் கடிகாரத்தில் பார்த்தேன்.

கோத்தகிரியான்:
11-க்கும் 12-க்கும் நடுவில் எங்கே சேர்ந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.

மலைரயில்:
12-இல்.

கோத்தகிரியான்:
12 என்பது நடுவா? 10:54-க்குச் சேர்ந்தால் அடுத்தது நேராக 12:00. பதினோரு மணிக்காரருக்கு ஒன்றுமே கிடையாது. மறுபடி கேட்கிறேன், 11-க்கும் 12-க்கும் நடுவில் எங்கே?

வர்க்கிப்பிரியன்:
அண்ணே, மணி அடிக்கிற பழைய கடிகாரமா? ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, அடித்து முடிக்க விட்டுத்தான் தள்ள வேண்டும். இல்லையென்றால் மூன்று மணிக்கு ஏழு அடிக்கும். எங்கள் தாத்தா வீட்டில் அப்படித்தான் ஆச்சு.

குறிஞ்சி:
நள்ளிரவு 12 இந்த நாளுக்கா, அடுத்த நாளுக்கா? முதலில் அதை முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே.

மலைரயில்:
ஆரம்பத்தில் இருக்கிற 12-ஐ ஏன் விட வேண்டும்? பந்தியில் முதலில் உட்கார்ந்தவனுக்குச் சோறு கிடையாதா?

கோத்தகிரியான்:
முதல் பந்தியில் சாப்பிட்டவரே கடைசிப் பந்தியிலும் இலை போட்டால் இரண்டு பேர் ஆகிவிடுவாரா? பகல் 12-ஐ முதல் சுற்றின் கடைசியிலும் எண்ணி, இரண்டாம் சுற்றின் ஆரம்பத்திலும் எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் கணக்குப்படியே போனாலும் 23-தான் வரும், 24 வராது! இவர்தான் போன மாதம் 1899-லேயே ஊட்டிக்கு ரயில் வந்துவிட்டது என்று சாதித்தவர். 1899-இல் குன்னூர் வரைதான் வந்தது. ஊட்டிக்கு வந்தது 1908-இல்.

மலைரயில்:
அதை இப்போது ஏன் இழுக்கிறாய்? கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறுகிற ரயிலைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன் நான். எனக்குச் சக்கரம் சொல்லித்தர வந்துவிட்டாய். என்னிடம் வாங்கிய ஏணியை முதலில் திருப்பிக் கொடு.

கோத்தகிரியான்:
ஏணி வாரக் கடைசியில் வரும். 11-க்கும் 12-க்கும் நடுவில் எங்கே?

வர்க்கிப்பிரியன்:
ஏணி என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஸ்டூல் போட்டு ஏறுவார் தாத்தா. பனிக்காலத்தில் அது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அப்போது எத்தனை முறை சேரும்?

கோத்தகிரியான்:
மெதுவாக ஓடினால் இரண்டு முள்ளும் சேர்ந்துதான் மெதுவாகும். ஒரு சுற்றுக்கு 11 மாறாது. இடையில் புகுந்து குழப்பாதீர்கள்.

மலைரயில்:
அவர் ஒரு கேள்வி கேட்டார், அதற்கு இவ்வளவு கோபமா? வாத்தியார் வேலை கிடைக்காதவர்கள் எல்லாம் இங்கே வந்து பாடம் எடுக்கிறார்கள்.

கோத்தகிரியான்:
சரி, தனியாகப் பேச வேண்டியதை இங்கே பேசாதீர்கள். 11-க்கும்...

குறிஞ்சி:
12-க்கும் நடுவில் எங்கே. தெரியும் சார். நள்ளிரவு யாருக்கு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

வர்க்கிப்பிரியன்:
அது இருக்கட்டும், இரண்டு முள்ளும் எல் மாதிரி செங்கோணத்தில் எத்தனை முறை நிற்கும்?

மலைரயில்:
மணிக்கு இரண்டு. ஒரு நாளைக்கு 48.

கோத்தகிரியான்:
44! மூன்று மணிக்கு நிற்கிற ஒன்றை, இரண்டு மணிக் கணக்கிலும் மூன்று மணிக் கணக்கிலும் சேர்க்கிறீர்கள். ஒன்பதுக்கும் அதே கதை. அண்ணே, உங்களுக்கு 12 மட்டும்தான் வியாதி என்று நினைத்தேன்.

மலைரயில்:
இரு. கடிகாரக் கதவைத் திறக்கிறேன்.