கரண்ட் போய் வந்தால் கவுண்டரில் எண்ணிக்கை மாறுகிறது (கிளிக்கிங் மெஷின்): உதவி தேவை

பேரணாம்பட்டு பட்டறை:

வணக்கம். பேரணாம்பட்டில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். ஆம்பூர் கம்பெனிகள் அனுப்பும் தோலை, ஷூவின் மேல்பாகத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறோம். தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷின்கள் நான்கு இருக்கின்றன. கூலி துண்டுக் கணக்கு என்பதால் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு கவுண்டர் மாட்டியிருக்கிறோம். மெஷினின் கை இறங்கி டையை (வெட்டும் அச்சை) அழுத்தினால் சென்சார் பார்த்து ஒன்று கூட்டும். உள்ளே இருப்பது ஆர்டுயினோ ஊனோ போர்டு (புரோகிராம் போட்டு ஓட்டும் சின்னக் கணினிப் பலகை), நான்கு இலக்க டிஸ்ப்ளே, 12 வோல்ட் அடாப்டர், அதை 5 வோல்ட்டாக்கும் 7805 ரெகுலேட்டர்.

பொங்கல் முடிந்து மாட்டியபோது, கரண்ட் போனால் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. செய்து கொடுத்தவர் புரோகிராமை மாற்றி, ஒவ்வொரு அடிக்கும் எண்ணைச் சிப்பின் ஈ.ஈ.ப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதும்படி அமைத்தார். நன்றாகத்தான் ஓடியது. சித்திரை வெயில் ஏறி, கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்ததும் தொல்லை வந்தது. ஒரு மெஷினில் 2317 இருக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது 2559 காட்டியது. இன்னொன்றில் 1846 என்பது 1910 ஆயிற்று. வேறொரு நாள் 8 கூடியது. இதுபோக, எல்லா மெஷினிலும் கரண்ட் வந்தவுடன் சில சமயம் ஒன்று தானாக ஏறுகிறது.

செய்தவர் இப்போது ஓசூரில் வேலைக்குப் போய்விட்டார். ஆட்கள் மெஷின் மேலேயே சாக்பீஸால் கோடு கிழித்துக் கணக்கு வைக்கிறார்கள். எண்ணெய்க் கை பட்டு அதுவும் அழிகிறது. மாலையில் கூலி கணக்கிடும்போது என் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒத்துப்போவதில்லை. அவர்கள் உழைத்த ஒரு துண்டுகூட விட்டுப்போகக் கூடாது என்பதுதான் என் கவலை. சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

வாலாஜா எலெக்ட்ரீஷியன்:

நான்கு கவுண்டர்களுக்கும் பொதுவாக ஒரு சின்ன யூ.பி.எஸ். போட்டுவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

பேரணாம்பட்டு பட்டறை:

யோசித்தோம் அண்ணா. ஆனால் இரவு பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். தோலும் பசையும் இருக்கிற இடம், ஒரு வயரையும் உயிரோடு விட்டுப்போக மனம் வரவில்லை. காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் அதே கதைதான்.

ராணிப்பேட்டை மெயின்டனன்ஸ்:

தம்பி, நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் 2559. உங்கள் 2317 என்பது 9 × 256 + 13. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும் என்பதால், சிப் அதை இரண்டு பைட்டாகப் பிரித்து வைக்கிறது. மேல் பைட்டில் 9, கீழ் பைட்டில் 13. ஈ.ஈ.ப்ராமில் ஒரு பைட்டை எழுதும்போது முதலில் பழையது அழியும். அழிந்த பைட்டைப் படித்தால் 255 என்று வரும். அதன் பிறகுதான் புதிய எண் பதியும். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 3.4 மில்லி வினாடி ஆகும். அழித்து முடித்து எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டது. 9 × 256 + 255 எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள், 2559 வரும்.

இரண்டாவது, 64 கூடியதும் 8 கூடியதும். இரண்டுமே, இரண்டை இரண்டால் திரும்பத் திரும்பப் பெருக்கினால் வருகிற எண்கள். அதாவது பைட்டுக்குள் இருக்கும் எட்டு பிட்டுகளில் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) ஒரே ஒரு பிட் தவறாகப் படிக்கப்படுகிறது. அந்த இடம் தேய்ந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். ஊனோவில் இருக்கும் ஏட்மெகா328பி சிப்பின் ஈ.ஈ.ப்ராமில் ஓரிடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்பதுதான் தயாரிப்பாளர் தரும் உறுதி. ஒரு ஷிப்டில் எத்தனை அடி விழும்?

பேரணாம்பட்டு பட்டறை:

நல்ல நாளில் ஒரு மெஷினுக்கு நாலாயிரம் வரை போகும் ஐயா.

ராணிப்பேட்டை மெயின்டனன்ஸ்:

அப்படியானால் 25 வேலை நாட்களில் அந்த உறுதி தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் இத்தனை மாதம் ஓடியதே அந்தச் சிப்பின் நல்ல குணம். கீழ் பைட் ஒவ்வொரு அடிக்கும் மாறுவதால் அதுதான் முதலில் தேயும். மேல் பைட் 256 அடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது. சிப்பைத் தூக்கிப்போட வேண்டாம். 1024 பைட்டில் தேய்ந்தது ஒன்றிரண்டுதான். எண்ணை எழுதும் இடத்தை அதற்குள்ளேயே வேறு முகவரிக்கு மாற்றினால் போதும்.

இனி வைத்தியம். ஒவ்வொரு அடிக்கும் எழுதவே கூடாது. எண்ணிக்கை ராமில் (கரண்ட் இருக்கும்வரை மட்டும் நிற்கும், தேயாத நினைவகம்) ஓடட்டும். கரண்ட் போகப்போகிறது என்று தெரிந்த கணத்தில் ஒரே ஒருமுறை எழுத வேண்டும். அதற்கு இரண்டு ஏற்பாடு தேவை: போவதை முன்கூட்டியே அறிய வேண்டும், எழுதி முடிக்கும்வரை சிப்புக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட் பாதையில் ஒரு 1என்4007 டையோடு போடுங்கள். டையோடுக்குப் பின்னால், 7805-க்கு முன்னால், 1000 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கப்பாசிட்டர். சென்சாருக்கான சப்ளையை டையோடுக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். அது கப்பாசிட்டரில் சேர்ந்த மின்னைக் குடிக்கக் கூடாது. கண்காணிப்பும் டையோடுக்கு முன்னால்தான். அங்கிருந்து 82 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் கீழ் தரைக்கு 10 கிலோ ஓம் ஒன்று. இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஊனோவின் 7-ஆம் பின்னுக்கு ஒரு வயர். சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் ஒப்பு மின்னழுத்தமும், வருவதை அதோடு ஒப்பிடும் கம்பரேட்டரும் இருக்கின்றன. 12 வோல்ட் சுமார் 10-க்கு இறங்கியதும் இன்டரப்ட் (செய்கிற வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று சிப்புக்கு வரும் அழைப்பு) வரும். அந்த 1.1 சிப்புக்குச் சிப் சற்றே மாறும். மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் எவ்வளவு கிடைக்கும்? 7805 ஒழுங்காக 5 வோல்ட் தர, உள்ளே 7 வோல்ட்டாவது வேண்டும். 10-லிருந்து 7 வரை 3 வோல்ட் இறக்கம். போர்டும் டிஸ்ப்ளேவும் சேர்ந்து 120 மில்லி ஆம்பியர் இழுத்தால் 25 மில்லி வினாடி. இன்டரப்ட் வந்த முதல் வேலையாக டிஸ்ப்ளேவை அணைத்தால் இழுப்பு 40-க்கு இறங்கும், 75 மில்லி வினாடி கிடைக்கும். இரண்டு பைட் எண்ணும், அது சரியாகப் பதிந்ததா என்று பார்க்க ஒரு பைட் சரிபார்ப்பும் எழுத சுமார் 10 மில்லி வினாடி போதும். தாராளம்.

ஒரு நாளில் இருபது முறை கரண்ட் போனாலும் அந்த 1,00,000 முறை தீர 5,000 நாள் ஆகும்.

இன்னொன்று. மின்னழுத்தம் இறங்கினால் சிப் தானாகவே நின்றுகொள்ளும் காவல் ஒன்று உண்டு. ஊனோவில் அது 2.7 வோல்ட்டில் வைக்கப்பட்டு வருகிறது. 16 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் சிப் அவ்வளவு கீழே நிதானமாக இருக்காது. அரைமயக்கத்தில் கண்ட இடத்தில் எழுதிவிடும். சிப்பின் ஃபியூஸ் அமைப்பில் (கம்பி ஃபியூஸ் அல்ல, சிப்புக்குள் இருக்கும் அடிப்படை அமைப்பு) 4.3-க்கு மாற்றச் சொல்லுங்கள். இதற்குத் தனிப் புரோகிராமர் வேண்டும். தெரிந்த மாணவர் யாராவது இருந்தால் ஐந்து நிமிட வேலை.

காட்பாடி ஆசிரியை:

ஐயா சொன்ன கணக்கு அத்தனையும் சரி. எங்கள் மாணவர்களுக்கும் இதைத்தான் செய்து காட்டுகிறேன். ஆனால் பட்டறையில் நாள்தோறும் ஓடப்போகிற பொருளுக்கு நான் எஃப்-ராம் சிப்பை (கரண்ட் போனாலும் அழியாத, வேகமாக எழுதக்கூடிய நினைவகம்) சிபாரிசு செய்வேன். எம்.பி.85ஆர்.சி.256வி என்று ஒன்று இருக்கிறது. 32 கிலோ பைட், 2.7 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும், ஊனோவின் ஏ4, ஏ5 பின்களில் இரண்டே வயர். ஒரு பைட்டில் லட்சம் கோடி முறை எழுதலாம். அழித்துவிட்டு எழுதுகிற வேலை இல்லை, காத்திருப்பும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் தயங்காமல் எழுதலாம். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சின்னப் பலகையில் பொருத்தியதை ஆன்லைனில் வரவழைக்கலாம்.

கடைக்காரர் டி.எஸ்.3231 கடிகாரப் பலகையைக் கொடுத்து "இதிலும் நினைவகம் இருக்கிறது" என்று சொன்னால் வாங்கிவிடாதீர்கள். அதில் இருப்பது ஏ.டி.24சி32 என்ற ஈ.ஈ.ப்ராம். பத்து லட்சம் முறை தாங்கும். உங்கள் வேகத்துக்கு ஒரு வருடம் கூட வராது. டி.எஸ்.1307-ல் பட்டன் செல்லால் காக்கப்படும் 56 பைட் ராம் உண்டு, அது தேயாது. ஆனால் செல் தீர்ந்த அன்று கணக்கும் போய்விடும். கூலிக் கணக்கை ஒரு பட்டன் செல்லை நம்பி விட எனக்குச் சம்மதமில்லை.

ராணிப்பேட்டை மெயின்டனன்ஸ்:

மேடம் சொல்வது நல்ல வழி. ஒரு சேர்க்கை மட்டும்: எஃப்-ராமிலும் இரண்டு பைட்டுக்கு நடுவில் கரண்ட் போக வாய்ப்பு உண்டு. ஆகவே இரண்டு பிரதி வையுங்கள். ஒவ்வொன்றிலும் எண், வரிசை எண், சரிபார்ப்புக் கூட்டல். மாறி மாறி எழுதுங்கள். தொடங்கும்போது இரண்டையும் படித்து, கூட்டல் ஒத்துப்போகிறவற்றில் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டால் ஒரே ஒரு அடிதான் கெடும்.

குடியாத்தம் தறிப்பட்டறை:

இவ்வளவு பாடு எதற்கு அண்ணா? எங்கள் தறிகளில் பழைய சக்கரக் கவுண்டர்தான். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் அசையாது, பூஜ்ஜியமாக்கும் சாவி என் இடுப்பில். மின்சாரக் கவுண்டர்தான் வேண்டுமென்றால், உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த ஆம்ரான் எச்7இசி போன்றது வாங்குங்கள். பி.எல்.சி. (மெஷின்களை ஓட்டும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) வைத்திருப்பவர்களுக்கு நினைவில் நிற்கும் கவுண்டர்கள் தனியாகவே உண்டு. மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்.2என்-ல் சி0 முதல் சி99 வரை கரண்ட் போனால் அழிந்துவிடும். சி100 முதல் சி199 வரை நிற்கும். சி5-ல் எழுதிவிட்டு "பி.எல்.சி. கெட்டுப்போச்சு" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேரணாம்பட்டு பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. எஃப்-ராம் வரச் சில நாள் ஆகும் என்றார்கள். அதுவரை ஐயா சொன்ன டையோடு, கப்பாசிட்டர் ஏற்பாட்டை ஒரு மெஷினில் செய்துவிட்டோம். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் புரோகிராமை மாற்றிக் கொடுத்தார். வெட்டிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம். டிஸ்ப்ளே சட்டென்று இருள்கிறது, திரும்ப மாட்டினால் அதே எண். கட்டர் ஒருவர் பக்கத்திலேயே நின்று தன் சாக்பீஸ் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் கரண்ட் வந்ததும் ஒன்று ஏறுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ராணிப்பேட்டை மெயின்டனன்ஸ்:

அதுதான் மூன்றாவது கோளாறு. சென்சார் விழித்துக்கொள்ளும்போது அதன் வெளியீடு ஒருமுறை துள்ளும்; புரோகிராம் அதை அடி என்று எண்ணிவிடுகிறது. தொடங்கியதும் அரை வினாடி எதையும் எண்ண வேண்டாம். பிறகு, கை மேலே இருப்பதை ஒருமுறை பார்த்த பிறகே எண்ணத் தொடங்கட்டும். கை பாதியில் நின்ற நிலையில் கரண்ட் போயிருந்தாலும் ஏமாறாது. கரண்ட் போகும் இன்டரப்ட் வந்த கணத்திலிருந்து சென்சாரைக் கவனிக்கவும் கூடாது, ஏனென்றால் அது அணையும்போதும் துள்ளும். கரண்ட் கண்சிமிட்டிவிட்டு உடனே திரும்பினால் சிப் ரீசெட் ஆகாமல் அங்கேயே நின்றுவிடக்கூடும். 12 வோல்ட் திரும்பியதா என்று பார்த்து எண்ணுவதைத் தொடர ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காட்பாடி ஆசிரியை:

எஃப்-ராம் வந்ததும் இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். ஷிப்ட் கணக்கு தனி, மெஷினின் மொத்தக் கணக்கு தனி என்று இரண்டு வையுங்கள். ரீசெட் பட்டன் ஷிப்ட் கணக்கை மட்டும் பூஜ்ஜியமாக்கட்டும். மொத்தக் கணக்கை எந்தப் பட்டனும் தொடக் கூடாது. வீட்டு மின் மீட்டரில் ரீடிங் ஏறிக்கொண்டே போகிறது, யாரும் பூஜ்ஜியமாக்குவதில்லை, போன மாத ரீடிங்கைக் கழித்துத்தான் பில் போடுகிறார்கள். காலையில் ஒரு மொத்தம், மாலையில் ஒரு மொத்தம் நோட்டில் எழுதி, கட்டரையும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மொத்தக் கணக்குக்கு இரண்டு பைட் போதாது, 65,535-க்கு மேல் போகாது. உங்கள் வேகத்தில் பதினாறு பதினேழு நாளில் அது நிரம்பிவிடும். நான்கு பைட் ஒதுக்கச் சொல்லுங்கள்.

பேரணாம்பட்டு பட்டறை:

நான்கு பைட், கையெழுத்து நோட்டு, இரண்டும் குறித்துக்கொண்டேன் மேடம். இந்த மெஷின் ஒரு மாதம் சரியாக ஓடினால் மற்ற மூன்றுக்கும் இதே சர்க்யூட்டைப் போடுகிறோம். வரைபடத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இதே தொல்லையில் இருப்பவர்கள் யாராவது கேட்டால் காட்டுங்கள்.