ஒரே ஏரி, ஒரே இன மீன்: ஆழத்தில் இருப்பது மட்டும் ஏன் இவ்வளவு கொழுப்பு?

மீன்கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை:
22 வருடமாக மேட்டூர் மீன் வாங்கி விற்கிறேன். கட்லாவின் வயிற்றைக் கிழித்தாலே அது அணை மீனா, தவிடும் பிண்ணாக்கும் தின்ற குளத்து மீனா என்று சொல்லிவிடுவேன். குளத்து மீனுக்குக் குடலைச் சுற்றிக் கொழுப்பு அப்பியிருக்கும். ஆக, கொழுப்பு என்றால் தீனிதான் என்பது என் கணக்கு.

கனடாவில் இருக்கும் மருமகன் வேறு கதை சொல்கிறார். அங்கே சுப்பீரியர் ஏரியில் ஒரே இன டிரவுட் மீன். மேலாகப் பிடித்தால் ஒல்லி, அடியில் பிடித்தால் எண்ணெய் வழிகிறதாம். அடியில் தீனி அதிகமா, இல்லை பிறப்பே அப்படியா?

ஏற்காடு வாத்தியார்:
பிறப்புதான் அண்ணே. கொழுத்த வகைக்கு சிஸ்கோவெட் என்று பெயர். உங்களுக்கு வந்த அதே சந்தேகம் ஆராய்ச்சி செய்தவர்களுக்கும் வந்தது. இரண்டு வகை முட்டைகளையும் பொரிக்கவைத்து, ஒரே மாதிரித் தண்ணீர், ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். அப்படியும் சிஸ்கோவெட் குஞ்சு கொழுத்தே வளர்ந்தது.

கொழுப்பு எதற்கு? வெட்டும்போது வெள்ளை பலூன் போல காற்றுப்பை வருமே, மீன் மிதப்பது அதை வைத்துத்தான்; கீழே இறங்க இறங்க அது நசுங்கும், மேலே வந்தால் உப்பும். சிஸ்கோவெட் இரை தேடித் தினமும் ஏறி இறங்குவது. ஏரியின் ஆழமோ 406 மீட்டர், நம் மேட்டூரின் 120 அடியைப் போல 11 மடங்கு. கொழுப்பு தண்ணீரைவிட லேசு, காற்று நசுங்குவது போல அது நசுங்காது; மிதக்க அது கைகொடுக்கிறது.

மீன்கடைக்காரர்:
சரிங்க சார். அந்த இருட்டில் கண் தெரியுமா?

மரபியல் மாணவி, சேலம்:
அண்ணா, எனக்குப் பிடித்ததே அதுதான். தெளிந்த ஏரியில் ஆழம் போகப் போக நீல ஒளிதான் மிஞ்சும். மங்கிய ஒளியைப் பிடிப்பது கண்ணில் உள்ள ரோடாப்சின் என்ற புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் 261-ஆம் இடத்தில் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலம் இருந்தால் நீலத்தின் பக்கம் சாயும், டைரோசின் என்ற இன்னொன்று இருந்தால் சிவப்பின் பக்கம். கடல் மீன்களில் பெரும்பாலும் முதலாவது. நன்னீருக்கு வந்த பல மீன்களில் இரண்டாவது. சுப்பீரியரின் அடியில் வாழும் கியி என்ற சிறு மீன் திரும்பவும் ஃபீனைல்அலனைனுக்கே போய்விட்டது! ரஷ்யாவின் பைக்கால் ஏரியிலும் இதே போக்கு: மேலே வாழும் ஸ்கல்பின் மீன்களின் கண் நிறமி 516 நானோமீட்டர் ஒளியை அதிகம் பிடிக்கும், அடியில் வாழ்பவற்றில் 484. எண் குறைந்தால் நீலத்தின் பக்கம் என்று அர்த்தம்.

படகுக்காரர், ஏற்காடு:
மார்கழியில் எங்கள் ஏரியிலும் கைவைக்க முடியாத குளிர். இங்கே ஏன் அப்படி வரவில்லை?

ஏற்காடு வாத்தியார்:
குளிர் மட்டும் போதாது தம்பி. ஆழமும் வேண்டும், காலமும் வேண்டும். சுப்பீரியரில் பனிப்பாறை விலகியே ஏறக்குறைய 10,000 வருடம் ஆகிறது. மேட்டூர் அணையே 1934-இல் கட்டியதுதான்.

மீன்கடைக்காரர்:
மருமகனிடம் கேட்டுவிட்டேன். கொழுப்பு குடலில் இல்லையாம், சதைக்குள்ளேயே ஊறியிருக்கிறதாம். வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் என் வித்தை அங்கே செல்லாது போல.