புதுப்பிப்பு: சன்ரூஃப் கார், முன் இடது மிதியடியில் தண்ணீர் – காரணம் கிடைத்தது

மழை பெய்த மறுநாள் மிதியடி ஊறிக் கிடக்கிறது, சன்ரூஃப் (கூரையில் திறக்கும் கண்ணாடி) ரப்பரை மாற்ற வேண்டுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ரப்பரில் குறையே இல்லை, சன்ரூஃப் சட்டத்தில் சேரும் மழைநீரை வெளியே கொண்டுபோகும் வடிகுழாயில் அடைப்புதான்.

கண்ணாடியை முழுக்கத் திறந்தால் சட்டத்தின் முன் மூலைகளில் சின்னத் துளைகள் தெரிகின்றன. இடது துளையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். அப்படியே தேங்கி நின்றது. வலது பக்கம் உடனே வடிந்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் சொட்டியது.

புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையைக் குழாய்க்குள் விடச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. நுனியைத் தீக்குச்சியில் காட்டி மழுங்கடித்து, திருகித் திருகி உள்ளே செலுத்தினேன். வேப்பம்பூவும் தூசியும் களிமண் போலக் குழைந்து இழையோடு ஒட்டி வந்தன. குழாயில் காற்றடித்து அடைப்பை எடுக்கும் யோசனையை மட்டும் விட்டுவிட்டேன். அழுத்தம் கூடினால் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடலாம், அப்புறம் கூரைத் துணியையே இறக்க வேண்டியிருக்கும்.

எதிர்பாராதது: மிதியடி காய்ந்த பிறகும் வாடை போகவில்லை. கார்பெட்டைத் தூக்கினால் அடிப்பஞ்சு முழுக்க ஈரம். அதை இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். நேற்று ராத்திரி கொட்டிய மழைக்கு உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.